சொல்லிச் செய்யும் திருத்தம்

விழா மலர்களின் பக்கங்களிலே கடந்தகாலப் பெருமைகளைப் பேசுதல் மரபு. நிறுவியோரைப் போற்றுதலும், கற்பித்தோரை நினைதலும், ஆடுகளத்தில் ஈட்டிய வெற்றிகளை எண்ணி மகிழ்தலும் தக்கனவே. ஆயினும், ஒரு நிறுவனம் பல்லாண்டு நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதனைத் தொடங்கியோரின் ஆற்றல் மாத்திரமன்று. பின்வந்தோர் அதனைத் திருத்திய முறையும் காரணமாகும். கட்டியவன் ஒருவன், திருத்துவோர் பலர். கட்டியவன் கருத்தறியாது திருத்தப் புகுவோன் கட்டிடத்தையே சாய்த்துவிடுதல் கூடும். இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டு, அதற்கென ஓர் இலக்கணமே வகுத்துக்கொண்ட துறை ஒன்று கணனியுலகில் உண்டு. அதனைப் பற்றிய எமது கருத்தைப் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும், சிறப்பாக இன்று வகுப்பிலிருக்கும் மாணாக்கர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணனிகளிலே மென்பொருளின் உறுப்புகளை நிறுவுவதற்கு எழுதப்படும் கட்டுப்பாட்டுக் கூற்றுகளின் இலக்கணமே யாம் கருதியது. அது பழையது, கடினமானது, இனி வேண்டாதது என்று இளைஞர் பலர் கூறுகின்றனர். பழையது என்பதை ஒப்புகின்றோம். கடினமானது என்பதையும் மறுக்கோம். வேண்டாதது என்பதை மாத்திரம் ஏற்கோம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7ஆந் திகதி சிஸ்ரம்/360 என்னுங் கணனிக் குடும்பத்தை உலகுக்கு அறிவித்தது. சிறியனவும் பெரியனவுமாகிய பல பொறிகள் ஒரே கட்டளைத் தொகுதியை விளங்கிக்கொள்ளுமாறு அமைத்தமையே அதன் புதுமை. அக்குடும்பத்தின் வழித்தோன்றலாகிய இசட்17 என்னும் பொறி 2025ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கணனிகள் தோன்றி மறைந்தன, இக்குடும்பமோ மறையவில்லை. பெருவங்கிகளின் கணக்குகளும், காப்புறுதிப் பத்திரங்களும், அரசாங்கங்களின் பதிவேடுகளும் இன்றும் இப்பொறிகளிலே பேணப்படுகின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் தமிழருள் இப்பொறிகளைக் காத்து ஊழியம் புரிவோரும் உளர்.

இப்பொறிகளை நடத்தும் இயக்க முறைமை, இசட்/ஓ.எஸ். என்பது, பல்லாயிரம் உறுப்புகளின் தொகுதியாகும். அவ்வுறுப்புகளை எழுதியோர் ஒருவரல்லர், ஓரிடத்தாரல்லர், ஒரு தலைமுறையினருமல்லர். ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு குற்றம் கண்டுபிடிக்கப்படுகின்றது. அதற்கொரு திருத்தம் எழுதப்படுகின்றது. அத்திருத்தத்தை எழுதியவன் உலகின் ஒரு மூலையிலிருக்க, அதனை நிறுவுவோன் மற்றொரு மூலையிலிருக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் காணார். நிறுவுவோனுடைய கணனியிலே ஏற்கனவே எவ்வெத் திருத்தங்கள் ஏறியுள்ளன என்பதை எழுதியவன் அறியான். திருத்தத்தின் உள்ளே யாதுளது என்பதை நிறுவுவோன் அறியான். இவ்விரண்டு அறியாமைகளுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அப்பாலமே எஸ்.எம்.பி./ஈ என்னுங் கருவியும், அக்கருவி படித்து விளங்கிக்கொள்ளும் திருத்தக் கட்டுப்பாட்டுக் கூற்றுகளும் ஆம். முன்னர் எஸ்.எம்.பி. என வழங்கிய கருவியின் விரிவே இது; ஈற்றிலுள்ள ‘ஈ’ அவ்விரிவைக் குறிப்பதேயாம்.

இக்கூற்றின் வடிவத்தை முதலிற் காண்போம். வரியின் முதலாம் இரண்டாம் நிரல்களில் இரண்டு கூட்டற் குறிகள் நிற்க வேண்டும். அவற்றை அடுத்துக் கூற்றின் பெயரும், அதன்பின் துணைச்சொற்களும், அவற்றுக்குரிய பெறுமானங்கள் அடைப்புக்குறிகளுள்ளும் வரும். ஈற்றிலே முற்றுப்புள்ளி இடப்படல் வேண்டும். எழுபத்திரண்டாம் நிரலுக்கு அப்பால் எழுதப்படுவது எதுவுங் கணக்கிற் கொள்ளப்படாது. முற்றுப்புள்ளியே அங்குச் சென்று விழுந்தாலும் அஃது இல்லாததற்கு ஒப்பாம். எண்பது நிரல்களையுடைய துளையட்டைகளின் காலத்து வழக்கம் இது. கடைசி எட்டு நிரல்கள் அட்டைகளின் வரிசையெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அட்டைகள் போய்விட்டன, நிரல்கள் நின்றுவிட்டன. தமிழ் இலக்கணம் பயின்ற நம் மாணாக்கர்க்கு இது வியப்பன்று. முற்று வாராத வாக்கியம் எச்சமாய் நிற்குமன்றோ? புள்ளி பெறாத கூற்றும் அவ்வாறே பொருள் முடியாது நிற்கும்.

வடிவம் இவ்வளவே. இனிப் பொருளை நோக்குவோம். யாம் இவ்விலக்கணத்தைப் போற்றுவது அதன் பொருளமைதி கருதியேயன்றி நிரல்களையும் புள்ளிகளையும் கருதியன்று.

ஒரு திருத்தம் வரும்போது முதலில் ‘நான் யார்’ என்று சொல்ல வேண்டும். இவ்விலக்கணம் திருத்தங்களை நான்கு வகையாகப் பகுக்கின்றது. புதியதொரு மென்பொருளையோ அதன் புதிய பதிப்பையோ கொண்டுவருவது பங்சன். ஆக்கியோர் சோதித்து யாவர்க்கும் அனுப்பும் திருத்தம் பி.ரி.எவ். ஒரு குறிப்பிட்ட குற்றத்துக்கு உடனடியாகத் தரப்படும் இடைக்கால மருந்து ஏபார். நிறுவுவோன் தன் தேவைக்காகத் தானே எழுதிக்கொள்வது யூசர்மொட். ஒவ்வொன்றுக்கும் ஏழெழுத்தாலான பெயருண்டு. பெயரில்லாத திருத்தம் வாயிலிலேயே தடுக்கப்படும். வகையறியாது மதிப்பறியலாகாது, ஆக்கியோன் பொறுப்பேற்ற திருத்தமும், நாமே கைவைத்த திருத்தமும் ஒன்றாகக் கருதப்படலாமா? இக்கருவி ஒருபோதும் அவற்றை மயக்குவதில்லை.

அடுத்து வருவது வெர் என்னுங் கூற்று. இலக்கணம் முழுவதற்கும் இதுவே உயிர்நிலை எனலாம். அது பேசுவதைத் தமிழிற் பெயர்த்துரைப்பின் ஏறக்குறைய இவ்வாறிருக்கும்: ‘யான் இன்ன முறைமையைச் சார்ந்தவன். இன்ன மென்பொருள் இங்கிருந்தாலன்றி யான் நுழையேன். எனக்கு முன்னர் இன்ன திருத்தம் ஏறியிருத்தல் வேண்டும். என்னோடு இன்ன திருத்தமும் உடன்வரல் வேண்டும். இன்ன இன்ன பழைய திருத்தங்களின் பயனை யான் என்னுள் அடக்கியுள்ளேன். ஆதலின் இனி அவை வேண்டா. இன்னதொன்று இங்கிருப்பின் யான் வரலாகாது.’ முறைமையை நான்கெழுத்துக் குறியீடு சுட்டும், இசட்/ஓ.எஸ். முறைமைக்கு அது இசட்038. உரிய மென்பொருளை எவ்.எம்.ஐ.டி. என்னுந் துணைச்சொல்லும், முன்வேண்டுவதைப் பிறீ என்பதும், உடன்வேண்டுவதை றெக் என்பதும், உள்ளடக்கியதைச் சப் என்பதும், உடனிருக்கலாகாததை என்பிறீ என்பதும் உணர்த்தும்.

இவற்றோடு இவ் என்னும் நிபந்தனைக் கூற்றும் உண்டு. ‘இன்ன மென்பொருள் இங்கிருப்பின், இன்ன திருத்தமும் வேண்டும்’ என்று அது கூறும். அம்மென்பொருள் இன்று இல்லாதிருப்பினும் அந்நிபந்தனை மறக்கப்படுவதில்லை. பதிவேட்டிலே எழுதி வைக்கப்படும். பல மாதங்கள் கழிந்து அம்மென்பொருள் நிறுவப்படுமாயின், அன்று அந்நிபந்தனை எழுந்து நின்று தன் உரிமையைக் கேட்கும். எழுதியவன் அப்போது வேறு தொழிலுக்குச் சென்றிருக்கலாம், ஓய்வு பெற்றுமிருக்கலாம். அவன் சொல் மாத்திரம் ஓய்வு பெறாது நிற்கும். மனிதர் நினைவை நம்பி நடத்தப்படும் நிறுவனங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

மூன்றாவதாக வருவன உறுப்புகளைப் பற்றிய கூற்றுகள். கட்டளைத் துண்டாயின் மொட், மக்ரோவாயின் மக், மூல வரைவாயின் எஸ்.ஆர்.சி. எனத் தனித்தனிக் கூற்றுகள் உள. பிற்காலத்திலே வந்த யூனிக்ஸ் வகைக் கோப்புகளுக்கு எச்.எவ்.எஸ். என்றும், ஜாவா மொழித் தொகுதிகளுக்கு ஜார் என்றும் புதிய கூற்றுகள் சேர்க்கப்பட்டன. பழைய இலக்கணம் புதிய சொற்களை ஏற்க மறுக்கவில்லை என்பதற்கு இவையே சான்று. உறுப்பின் பெயர் யாது, அது எந்த நூலகத்திற் சென்று அமர வேண்டும், அதன் மூலப்படி எந்த நூலகத்திற் பேணப்பட வேண்டும் என்பன இக்கூற்றுகளிலே சொல்லப்படும்.

அவ்வுறுப்பு ஒவ்வொன்றின் வரலாற்றையும் கருவி மூன்று அடையாளங்களாற் குறித்து வைத்திருக்கின்றது. இவ்வுறுப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்பது ஒன்று. இதனை இறுதியாக முழுமையாய் மாற்றிய திருத்தம் எது என்பது இரண்டு. அதன்பின் இதனைப் பகுதியாகத் தீண்டிய திருத்தங்கள் எவை என்பது மூன்று. புதிய திருத்தமொன்று வந்து அவ்வுறுப்பை மாற்ற முற்படும்போது, முன்னர் அதனை மாற்றிய திருத்தத்தையும் தீண்டிய திருத்தங்களையும் அது அறிந்திருக்கின்றதா என்று கருவி வினவும். அறிந்திருப்பதாக வெர் கூற்றிலே சொல்லப்படவில்லையாயின் கருவி நிறுத்திவிடும். என்னை? முன்னவன் செய்த திருத்தத்தைப் பின்னவன் அறியாது அழித்துவிடுதலே குற்றங்கள் மீண்டுந் தலையெடுப்பதற்கு வழியாதலின். ஒருமுறை தீர்ந்த நோய் மறுமுறை வருதலைப் போல நம்பிக்கையைக் குலைப்பது பிறிதில்லை.

நான்காவதாக ஹோல்ட் என்னுங் கூற்று. இஃது எமது மனத்தை மிகக் கவர்ந்தது. ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பியவரே, ‘சற்றுப் பொறுக்க, இதனை நிறுவுமுன் இன்னது செய்யவேண்டும்’ என்று தம் திருத்தத்தோடு ஒரு தடையையும் சேர்த்து அனுப்புகின்றனர். கையாற் செய்யவேண்டிய காரியமுண்டு என்றும், கணனியை மீள இயக்கவேண்டும் என்றும், ஆவணத்திலே மாற்றமுண்டு என்றும் காரணங் காட்டி அத்தடை நிற்கும். இன்னொரு வகைத் தடை இதனினும் மேலானது. அனுப்பிய திருத்தமே பிழையுடையது என்று பின்னர் அறியப்படின், ‘யாம் அனுப்பிய இத்திருத்தத்திற் குற்றமுண்டு, அக்குற்றத்தின் எண் இது’ என்று ஆக்கியோரே அறிக்கை விடுகின்றனர். அவ்வறிக்கையைப் பெற்ற கருவி, அக்குற்றந் தீர்க்கும் மறுதிருத்தம் வரும்வரை முதற்றிருத்தத்தை உள்ளே விடாது. தம் பிழையைத் தாமே வெளியிடுவதற்கு இலக்கணத்திலே ஓரிடம் ஒதுக்கி வைத்த துறை எத்துணை நாணயமுடையது!

கூற்றுகள் எழுதப்பட்ட பின்னர் நிறுவுதல் படிப்படியாக நிகழும். முதற்படி றிசீவ், திருத்தத்தைப் பெற்று வைத்துக்கொள்ளுதல். இப்படியில் இயங்கும் முறைமை எவ்வாற்றானும் தீண்டப்படுவதில்லை. இரண்டாம்படி அப்ளை, இயங்கு நூலகங்களிலே திருத்தத்தை ஏற்றுதல். அதற்கு முன்னரே செக் என்னுஞ் சொல்லைச் சேர்த்து ஒத்திகை பார்க்கலாம். யாது நிகழும், யாது தடைப்படும் என்று கருவி அறிக்கை தருமேயன்றி ஒன்றையும் மாற்றாது. மூன்றாம்படி அக்செப்ட், பல நாட் பழகிப் பார்த்து, குற்றமில்லை எனத் தெளிந்த பின்னர், மூலப்படிகளைப் பேணும் விநியோக நூலகங்களிலும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுதல். இரண்டாம்படிக்கும் மூன்றாம்படிக்கும் இடையே மனம் மாறினால், றெஸ்ரோர் என்னுங் கட்டளை விநியோக நூலகத்திலுள்ள பழைய படியைக் கொண்டுவந்து முன்னிருந்த நிலையை மீட்டுத் தரும். அக்செப்ட் செய்தபின் அவ்வழி அடைபடும். ஆதலின் மூன்றாம்படியிற் கால்வைப்போன் திரும்பி வரும் பாதையைத் தானே மூடுகின்றான் என்பதை அறிந்து வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வறட்டு விதிகள் என்று எண்ணுவோர் உண்மை நிகழ்ச்சிகள் இரண்டை நோக்குக.

2012ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து வங்கிக் குழுமத்தின் கணனிகளிலே இரவுநேரக் கணக்குப் பதிவுகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. பின்னர்ச் சில குறைகள் தென்பட்டமையால், புதியதை அகற்றிப் பழையதற்கே மீள முடிவு செய்தனர். அவ்வாறு அகற்றுவதன் விளைவு யாதென்று முன்னர்ச் சோதித்திலர். புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. விளைவு பெரிது. ஐக்கிய இராச்சியத்தில் 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் இடருற்றனர். தம் கணக்கின் மிகுதியைச் சரியாக அறியமாட்டாதோரும், வீட்டுக் கடன் தவணையைக் காலத்திற் செலுத்தமாட்டாதோரும், அந்நிய நாட்டிலே கைப்பணமின்றி நின்றோரும் பலர். அக்குழுமத்தைச் சேர்ந்த அல்ஸ்ரர் வங்கியின் வாடிக்கையாளர்க்கு இடர் வாரக் கணக்கில் நீடித்தது. 2014 நவம்பரில் மேற்பார்வை அதிகாரிகள் இருவகையாக 4 கோடியே 20 இலட்சம் பவுணும் 1 கோடியே 40 இலட்சம் பவுணுமாக, ஆக 5 கோடியே 60 இலட்சம் பவுண் தண்டம் விதித்தனர்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? முன்னேறும் பாதையைச் சோதித்தோர் மீளும் பாதையைச் சோதித்திலர் என்பதே. இங்கே யாம் எமது இலக்கணத்தின் எல்லையையும் மறைக்காது கூறுதல் கடன். றெஸ்ரோர் என்னுங் கட்டளை மென்பொருளின் உறுப்புகளை மாத்திரமே மீட்கும். புதிய மென்பொருள் இயங்கிய நேரத்திலே தரவுகளை வேறு வடிவில் எழுதியிருக்குமாயின், அவற்றைப் பழைய வடிவுக்கு அது மாற்றித் தராது. அவ்வாறே செக் என்னும் ஒத்திகையும் உறுப்புகளைப் பொருத்தும் கருவிகளை உண்மையில் இயக்கிப் பார்ப்பதில்லை. ஆகவே கூற்றுகள் சொல்லக்கூடியது ஒரு பகுதி. மனிதர் சிந்திக்க வேண்டியது எஞ்சிய பகுதி. தரவு வடிவம் மாறும் என்றால் அதனை ஹோல்ட் கூற்றின் விளக்கத்திலே எழுதுதல் எழுதுவோன் கடமை. அதனைப் படித்து, மீளும் வழியைச் சோதித்தறிதல் நிறுவுவோன் கடமை.

இரண்டாம் நிகழ்ச்சி பெருங்கணனிகளைச் சார்ந்ததன்று. ஆயினும் ஒப்புநோக்கத் தக்கது. 2024 யூலை 19ஆந் திகதி, கிறவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணனிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதிலிருந்த குற்றத்தால் ஏறக்குறைய 85 இலட்சம் கணனிகள் செயலிழந்தன என மைக்றோசொவ்ற் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. அனுப்பியோர் 78 நிமிடங்களிலே அக்கோப்பை மீளப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் வீழ்ந்த கணனிகள் தாமாக எழவில்லை. பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையாலே தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. மென்பொருளின் பதிப்புகளை ஒருபடி பின்தங்கியே ஏற்போம் என்று எச்சரிக்கையோடிருந்த வாடிக்கையாளரும் தப்பவில்லை. அவ்வகைக் கோப்புகளுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாதிருந்தமையே காரணம்.

பெருங்கணனியின் இலக்கணத்தால் இதனை அளந்து பார்ப்போம். அங்கே றிசீவ் வேறு, அப்ளை வேறு. பெறுதலுக்கும் ஏற்றலுக்கும் நடுவே உரிமையாளன் நின்று எண்ணிப் பார்ப்பதற்கு ஓர் இடைவெளி உண்டு. இங்கோ பெறுதலும் ஏற்றலும் ஒன்றாகிவிட்டன. இடைவெளி போயிற்று, அதனோடு உரிமையாளனின் தீர்மானமும் போயிற்று. பகைவரின் தாக்குதலை விரைந்து தடுப்பதற்கு விரைவு வேண்டும் என்னும் நியாயத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும் எல்லோர்க்கும் ஒரே கணத்தில் ஒன்றை அனுப்புவோன், முதலிற் சிலர்க்கு அனுப்பிப் பார்க்கும் பொறுமையையேனும் கொள்ளவேண்டும். அந்நிறுவனமும் பின்னர்ப் படிப்படியாக அனுப்பும் முறையை மேற்கொள்வதாக அறிவித்தது. இடர் வந்தபின் கற்ற பாடம் அது.

இனி, எம்மோடு மாறுபடுவோர் கூறும் ஆட்சேபங்களை நோக்குவோம்.

‘இவ்விலக்கணம் மிகப் பழையது, நிரலெண்ணி எழுதும் காலம் போய்விட்டது’ என்பது முதலாவது. நிரலெண்ணுதல் போவதால் எமக்கு வருத்தமில்லை. ஆனால், முன்வேண்டுவது, உடன்வேண்டுவது, உடனிருக்கலாகாதது, பழையதை அடக்கியது என்னுங் கருத்துகள் போய்விடவில்லை. லினக்ஸ் முறைமைகளிலே மென்பொருட் பொதிகளை நிறுவும் ஆர்.பி.எம்., டெபியன் முதலிய கருவிகளை நோக்குக. ‘எனக்கு இன்னது வேண்டும், இன்னதோடு நான் முரண்படுவேன், இன்னதற்கு மாற்றாக வருகின்றேன்’ என்றே அப்பொதிகளும் மொழிகின்றன. உடை மாறிற்று, உயிர் மாறவில்லை. இளைஞர் புதியது எனக் கற்பதன் உட்பொருளே இப்பழைய கூற்றுகளிலும் கிடக்கின்றது.

‘இப்போது திரையிலே பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடுகின்றன, கூற்றுகளைக் கற்பது வீண்’ என்பது இரண்டாவது. இசட்/ஓ.எஸ்.எம்.எவ். என்னும் புதிய கருவி திரையின் வழியே நிறுவுதலை எளிதாக்கியுள்ளது உண்மை, அதனை வரவேற்கின்றோம். ஆயின், அத்திரைக்குப் பின்னால் நின்று வேலை செய்வது எஸ்.எம்.பி./ஈ பேணும் அதே பதிவேடே. எல்லாம் சரியாக நடக்கும் நாளிலே பொத்தான் போதும். ஏதோ ஒன்று தடைப்படும் நாளிலே, திரையிலே தோன்றும் செய்தி முன்வேண்டுவதைப் பற்றியும் தடையைப் பற்றியுமே பேசும். அம்மொழி தெரியாதவன் என் செய்வான்? கூட்டல் கழித்தல் அறியாது கணிப்பான் மாத்திரம் கொண்டவனைப் போல விழித்து நிற்பான்.

அவ்வாறு விழிப்பவன் கைக்கு எட்டும் தூரத்திலே ஒரு கூரிய கத்தியும் கிடக்கின்றது. பைபாஸ் என்பது அதன் பெயர். முன்வேண்டுவது இல்லையாயினும் பொருட்படுத்தாதே, தடை நிற்பினும் நோக்காதே, அடையாளங்கள் முரண்படினும் மேற்செல் என்று கருவிக்குக் கட்டளையிடும் சொல் இது. கையாற் செய்யவேண்டியதைச் செய்து முடித்தபின் அதற்குரிய தடையை நீக்க இச்சொல் முறையாகவே பயன்படும். ஆனால், தடை ஏன் நிற்கின்றது என்று படியாமலே, நேரமின்மையைக் காரணங் காட்டி, எல்லாத் தடைகளையும் ஒருசேரத் தாண்டுவதற்கு இதனைக் கையாள்வோரும் உளர். இலக்கணத்தின் பயன் முழுவதும் அந்த ஒரு சொல்லாலே பாழாகின்றது. எந்த நல்ல ஒழுங்கும் அதனைக் கைக்கொள்வோரின் மனச்சான்றை அளவாகக் கொண்டே நிற்கும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மூன்றாவது ஆட்சேபம் மெய்யானது. அதற்கே யாமும் அஞ்சுகின்றோம். ‘இதனை அறிந்தோர் முதியர், அவர்கள் ஓய்வு பெறுகின்றனர், இளைஞர் வருவாரில்லை’ என்கின்றனர். அறிந்தோர் குறையக் குறைய, யூசர்மொட் எனத் தாமே எழுதி வைத்த பழைய திருத்தங்களின் காரணம் ஒருவர்க்கும் தெரியாது போகும். தெரியாததைத் தொட அஞ்சுவர். தொடாமையால் அது மேலும் பழுதாகும். ஈற்றிலே அறியாமையோடு தொட்டுச் சாய்ப்பர். சாய்வது ஏதோ ஒரு பொறியன்று. மாத முடிவிலே சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தொழிலாளியின் கணக்கும், ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் முதியவளின் கணக்குமே சாயும். ஆதலாலேதான் இச்சிறு இலக்கணத்தைப் பற்றி இத்துணை விரிவாக எழுத முற்பட்டோம்.

ஆகவே எமது வேண்டுகோள்கள் மூன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு: கணனிப் பாடத்திலே புதியதை ஆக்குதலை மட்டுமன்றி, உள்ளதைத் திருத்துதலையும் கற்பியுங்கள். மாணவன் ஒருவன் எழுதிய நிரலை மற்றொரு மாணவனிடங் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்துமுன், எதனைச் சார்ந்து, எதனை மாற்றி, எதனை வேண்டி, எவ்வாறு மீளலாம் என்று நான்கு வரிகள் எழுதச் செய்யுங்கள். அந்நான்கு வரிகளுக்குப் பெருங்கணனி வேண்டியதில்லை, கரும்பலகையே போதும்.

இத்துறையில் ஊழியம் புரியும் பழைய மாணவர்க்கு: நீங்கள் எழுதி வைத்த திருத்தங்களின் காரணத்தைக் கூற்றுகளோடு சேர்த்தே எழுதி வையுங்கள். கூற்றுகளிடையே விளக்கவுரை எழுத இவ்விலக்கணம் இடந்தந்துள்ளது. அவ்விடத்தை வெறிதே விடாதீர்கள். ஓய்வுபெறுமுன் ஓர் இளைஞனையேனும் அருகில் இருத்தி இம்மொழியைச் சொல்லிக் கொடுங்கள்.

மாணாக்கர்க்கு: பழையது என்ற காரணத்தால் ஒன்றைத் தள்ளாதீர்கள், பழையது என்ற காரணத்தால் ஒன்றைக் கொள்ளவும் வேண்டா. அதன் உள்ளே நிற்கும் நியாயத்தைக் கண்டு கொள்ளுங்கள். நாளை நீங்கள் கணனியைத் திருத்தலாம்; சட்டத்தைத் திருத்தலாம்; இக்கல்லூரியின் விதிகளைத் திருத்தும் பொறுப்பும் உங்கள் கைக்கு வரலாம். எதனைத் திருத்தப் புகுந்தாலும், யான் யார், எதனைச் சார்ந்தேன், எனக்கு முன்னே யார் கைவைத்தார், என்னால் எது நீங்கும், பிழைப்பின் எவ்வாறு மீள்வேன் என்பவற்றை முதலிற் சொல்லுங்கள். சொல்லிய பின்னரே கைவையுங்கள்.

சொல்லாது செய்யும் திருத்தம் விரைந்து முடியலாம். சொல்லிச் செய்யும் திருத்தமே நின்று நிலைக்கும்.